மண்டபம் கடல் ஆராய்ச்சி நிலையம்: வந்த வழியும் செல்லும் திசையும்

நிலத்தில் பயிர் செய்பவருக்கு மூன்று வசதிகள் உண்டு. நல்ல விதை வேண்டுமென்றால் விதைப்பண்ணை இருக்கிறது. மாவட்டத்தில் என்ன விளைந்தது என்று அறிய அறுவடைச் சோதனை நடத்தப்படுகிறது. பயிருக்கு ஒரு நோய் கண்டால் கேட்பதற்கு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. கடலை நம்பி வாழும் மக்களுக்கு இம்மூன்றும் நெடுங்காலம் இல்லாமலே இருந்தன. இந்தக் குறையைப் போக்க இராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபம் என்னும் ஊரில் எழுந்ததே கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம். எழுபத்தைந்து ஆண்டுகளைத் தாண்டிய இந்நிலையம் முதலில் கடலின் மகசூலைக் கணக்கிடக் கற்றுக்கொடுத்தது. இப்போது கடலுக்கு வேண்டிய விதையைத் தரும் வேலையில் இறங்கியிருக்கிறது. இந்த இரண்டாவது வேலை எவ்வளவு தூரம் வெற்றி பெறும் என்பதைப் பொறுத்தே அதன் எதிர்காலம் அமையும்.

இரு கடல்களுக்கு நடுவே

மண்டபம் ஒரு குறுகிய நிலமுனையில் அமைந்துள்ளது. வடக்கே பாக் நீரிணைப் பகுதியின் ஆழமற்ற கடல். தெற்கே மன்னார் வளைகுடா. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் அமைதியாக இருக்கும். வடகிழக்குப் பருவத்தில் இந்நிலை தலைகீழாகும். எனவே ஆண்டின் பெரும்பகுதியில் ஏதாவது ஒரு பக்கத்தில் படகு இறக்கி வேலை செய்ய முடியும். ஓர் ஆராய்ச்சி நிலையத்திற்கு இதைவிட ஏற்ற இடம் கிடைப்பது அரிது.

தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்திற்கும் இடையே மன்னார் வளைகுடாவில் 21 சிறு தீவுகள் வரிசையாக உள்ளன. அவற்றைச் சுற்றிலும் பவளப்பாறைகளும் கடற்புல் வெளிகளும் பாசிகளும் நிறைந்துள்ளன. இத்தீவுப் பகுதி 1986-ல் கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்காவாகவும், வளைகுடாப் பகுதி 1989-ல் உயிர்க்கோளக் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டன.

'மண்டபம் கேம்ப்' என்று ஊர்ப்பெயரில் ஒட்டியுள்ள சொல்லுக்கும் ஒரு வரலாறு உண்டு. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்ற தொழிலாளர்களைத் தங்கவைத்து, நோய் உள்ளதா என்று சோதித்து அனுப்பிய முகாம் இங்கே இருந்தது. பின்னாளில் இலங்கையிலிருந்து வந்த அகதிகளுக்கும் இவ்வூரே புகலிடமாயிற்று.

நிலையம் தோன்றிய விதம்

கூட்டுறவுக் கடன் சங்கத்தில் உறுப்பினராக உள்ள ஒவ்வோர் உழவரும் அறிந்திருக்க வேண்டிய பெயர் சர் பிரடெரிக் நிக்கல்சன். சென்னை மாகாண உழவர்களின் கடன்சுமையை ஆராய்ந்து, நில வங்கிகள் பற்றி 1895-லும் 1897-லும் அவர் அளித்த அறிக்கை, 1904-ல் வந்த கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டத்திற்கு வழிகாட்டியது. அதே நிக்கல்சன்தான் பிறகு கடல் பக்கம் திரும்பினார். 1907-ல் சென்னை மாகாணத்தில் மீன்துறை தொடங்கப்பட்டது அவர் முயற்சியால்தான். உழவருக்கும் மீனவருக்கும் உள்ள துன்பம் ஒன்றே என்பதை அவர் அன்றே கண்டுகொண்டார்.

அவருக்குப் பின் மீன்துறையை நடத்திய ஜேம்ஸ் ஹார்னெல் முத்துச்சிப்பியையும் சங்கையும் ஆராய்ந்தவர். பாம்பனுக்கு அருகிலுள்ள குருசடைத் தீவு கடல் உயிர்களைப் படிப்பவர்களுக்குக் களமாயிற்று. அத்தீவின் கரையோர உயிரினங்களைப் பற்றி 1927-ல் சென்னை அரசு அருங்காட்சியகம் ஒரு நூலை வெளியிட்டது. ஆக, மண்டபத்தில் நிலையம் வருவதற்கு முன்பே அப்பகுதி ஆராய்ச்சியாளர் கண்ணில் பட்டுவிட்டது.

நாடு விடுதலை பெறுவதற்குச் சில மாதங்கள் முன்பு, 1947 பிப்ரவரி 3-ஆம் நாள், மத்திய அரசின் வேளாண்மை அமைச்சகத்தின் கீழ் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டது. உணவுப் பற்றாக்குறை கடுமையாக இருந்த காலம் அது. நெல்லும் கோதுமையும் போதாத நாட்டில் கடல் எவ்வளவு உணவு தரும் என்று அறிய வேண்டியிருந்தது. முதலில் சென்னைப் பல்கலைக்கழக விலங்கியல் ஆய்வுக்கூடத்தில் தொடங்கிய வேலை 1949-ல் மண்டபத்திற்கு மாற்றப்பட்டது. முனைவர் என். கேசவப் பணிக்கர், முனைவர் எஸ். ஜோன்ஸ் ஆகியோர் தொடக்க காலத்தில் இதை வளர்த்தனர். 1958-ல் இந்தியக் கடல் உயிரியல் கழகம் மண்டபத்தில் தோன்றியது. சூரை, அயிலை முதலிய மீன்களைப் பற்றி 1962-லும், பவளப்பாறைகளைப் பற்றி 1969-லும் கருத்தரங்குகள் இங்கே நடந்தன.

1964 டிசம்பரில் வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்தது. பாம்பன் பாலம் சேதமுற்றது. கடலோரத்தில் வாழ்வதும் வேலை செய்வதும் எத்தகையது என்பதை அப்புயல் எல்லோருக்கும் காட்டிச் சென்றது. 1967-ல் இந்நிலையம் இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகத்துடன் இணைக்கப்பட்டது. அதாவது, நெல், கரும்பு, பருத்தி ஆராய்ச்சி நிலையங்களுக்கு மேலிருக்கும் அதே அமைப்பு இதற்கும் தலைமை ஏற்றது. 1971-ல் தலைமையிடம் கொச்சிக்குச் சென்றது. மண்டபம் மண்டல நிலையமாகத் தொடர்ந்தது. தலைமையிடம் போனபின் ஊர் களையிழந்துவிடும் என்று எண்ணத் தோன்றும். ஆனால் கடலில் வளர்ப்பு வேலைக்கு ஏற்ற இடம் மண்டபமாகவே இருந்ததால் அதன் முக்கியத்துவம் குறையவில்லை.

கடலில் ஓர் அறுவடைச் சோதனை

நெல் மகசூலைக் கணக்கிட மாவட்டத்தின் எல்லா வயல்களையும் அறுத்து எடை போடுவதில்லை. சில கிராமங்களைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து, அவற்றில் சில வயல்களில் ஒரு சிறு துண்டை அளந்து அறுத்து, அந்த எடையிலிருந்து மொத்த மகசூலைக் கணக்கிடுகிறோம். இம்முறையை 1940-களில் வேளாண்மை ஆராய்ச்சிக் கழகத்தின் புள்ளியியலாளர்கள் நம் நாட்டில் வகுத்தனர்.

கடலில் வரப்பும் இல்லை, பட்டாவும் இல்லை. ஒரு நாள் நூறு படகு வரும், மறுநாள் பத்துப் படகு வரும். அப்படியிருந்தும் அதே முறையைக் கடலுக்கு ஏற்றவாறு மாற்றிக்கொண்டனர். கடற்கரையைப் பகுதிகளாகப் பிரித்தல், மாதத்தில் சில நாட்களைத் தேர்தல், அந்நாட்களில் சில மீன் இறங்குதளங்களில் நின்று வரும் படகுகளை எண்ணுதல், அவற்றில் சிலவற்றின் மீனை இனவாரியாக எடை போடுதல் என்று அம்முறை அமைந்தது. 1950 முதல் நாட்டின் கடல்மீன் பிடிப்புக்கு இவ்வகையில் தொடர்ச்சியான கணக்கு உள்ளது.

இக்கணக்கு என்ன சொல்கிறது? 1950-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நாட்டின் கடல்மீன் பிடிப்பு 5 இலட்சம் டன்னுக்குச் சற்று மேல் இருந்தது. விசைப்படகும் நைலான் வலையும் பனிக்கட்டியும் வந்தபின் அது மளமளவென்று உயர்ந்து, 2012-ல் ஏறக்குறைய 39 இலட்சம் டன்னை எட்டியது. அதன்பின் மேலே செல்லவில்லை. 2023-ல் ஏறக்குறைய 35 இலட்சம் டன்னே கிடைத்தது.

உழவர்களுக்கு இந்த நிலை புதிதல்ல. கிணற்றில் பெரிய மோட்டாரை வைத்தால் முதலில் நிறைய நீர் வரும். பிறகு ஊற்றின் அளவுக்கு மேல் ஒரு குடம்கூடக் கூடாது. கடலும் அப்படித்தான். மீன் குஞ்சு பொரித்து வளரும் வேகத்திற்கு மேல் பிடிக்க இயலாது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்குத் தடை விதிக்கப்படுவது இதனால்தான். ஆண்டுதோறும் தவறாமல் எடுத்த கணக்கு இல்லாவிட்டால், பிடிப்பு குறைந்ததை ஒவ்வொரு ஊரும் தன் ஊர்த் துரதிர்ஷ்டம் என்றே எண்ணியிருக்கும்.

பிடிப்பதிலிருந்து வளர்ப்பதற்கு

பிடிப்பு கூடாதபோது வளர்ப்பு ஒன்றே வழி. வளர்க்க வேண்டுமானால் விதை வேண்டும். கடல் உயிர்களில் விதை என்பது குஞ்சும் இளஞ்சிப்பியும் பாசித் துணுக்கும் ஆகும்.

மன்னார் வளைகுடாவின் முத்துக்குளிப்பு 1961-க்குப் பின் நடைபெறவில்லை. பார்களில் சிப்பி இல்லாமற் போயிற்று. இந்நிலையில் தூத்துக்குடிக் கிளையைச் சேர்ந்த முனைவர் கே. அழகர்சாமி 1973-ல் சிப்பிக்குள் மணி பதித்து வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டினார். 1981-ல் முத்துச்சிப்பியின் இளஞ்சிப்பிகளும் பொரிப்பகத்தில் உற்பத்தி செய்யப்பட்டன. 1988-ல் கடல் அட்டையின் குஞ்சுகளும் தூத்துக்குடியில் பெறப்பட்டன.

மண்டபத்தில் நடந்த பெரிய வேலை மீன்குஞ்சு உற்பத்தியாகும். கோபியா எனப்படும் கடல் விரால் வேகமாக வளரும் மீன். கூண்டில் ஆறேழு மாதங்களில் 2 கிலோவுக்கு மேல் எடை வைக்கும். ஆனால் அதன் குஞ்சைக் கடலில் தேடிப் பிடித்து வளர்ப்பது நடவாத காரியம். மண்டபத்தில் தாய் மீன்களை மிதவைக் கூண்டுகளில் வளர்த்து, 2010 மார்ச்சில் அவற்றை முட்டையிடச் செய்து குஞ்சுகளை வளர்த்தெடுத்தனர். அடுத்த ஆண்டு வெள்ளி வாவல் என்னும் பாம்பனோ மீனிலும் வெற்றி கிடைத்தது. பச்சை வரி இறாலின் குஞ்சுகளைப் பொரித்துக் கடலிலேயே விட்டு, அவ்வினத்தைப் பெருக்கும் வேலையும் அண்மை ஆண்டுகளில் நடைபெறுகிறது. ஏரியில் மீன்குஞ்சு விடுவதைப் போன்றதே இது.

ஆய்வுக்கூடத்தில் வெற்றி பெற்ற எல்லாமே கரைக்குப் பரவிவிடுவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். முத்து வளர்ப்பு கண்டறியப்பட்டு ஐம்பது ஆண்டுகள் ஆகியும் அது மீனவர் வீடுகளில் பொதுவான தொழிலாக மாறவில்லை. முதலீடும் காத்திருப்பும் அதிகம் வேண்டும் தொழில் ஏழைக் குடும்பத்திற்கு எளிதில் பொருந்தாது. பரவியது வேறொன்று. அதுதான் கடற்பாசி.

கடற்பாசி தந்த பாடம்

இராமநாதபுரம் கடற்கரைப் பெண்கள் பல தலைமுறைகளாக முழங்கால் நீரிலும் மூச்சடக்கி மூழ்கியும் பாசி சேகரிப்பவர்கள். மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப் பாசி, கட்டைக்கோரை, பக்கோடாப் பாசி என்று ஒவ்வொன்றுக்கும் அவர்கள் வைத்த பெயர் உண்டு. அகர் என்னும் கூழ்ப்பொருளும், துணி ஆலைகளுக்கு வேண்டிய ஆல்ஜினேட்டும் இவற்றிலிருந்து கிடைக்கின்றன. தீவுகள் தேசியப் பூங்கா ஆனபின் அங்கே செல்வதற்குத் தடை வந்தது. பாசியைக் காப்பதற்காக, மாதத்தில் 12 நாட்கள் மட்டுமே எடுப்பது என்று இப்பெண்களே தங்களுக்குள் ஒரு கட்டுப்பாட்டையும் வகுத்துக்கொண்டனர்.

இயற்கைப் பாசியை மட்டும் நம்பாமல் பயிரிடலாம் என்ற எண்ணத்தில், மண்டபம் நிலையம் 1970-களிலேயே கஞ்சிப் பாசியைக் கயிற்றில் கட்டி வளர்த்துப் பார்த்தது. ஆனால் பெரிய அளவில் பரவியது கப்பாபைக்கஸ் என்னும் வெளிநாட்டுப் பாசி. பவநகரிலுள்ள மத்திய உப்பு, கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனம் 1984-ல் இதைக் கொண்டுவந்து குஜராத் கடலில் வளர்த்தது. 1995-ல் அதன் மண்டபம் கிளை இங்கே பயிரிடத் தொடங்கியது. பின்னர் பெப்சி நிறுவனம் இதை எடுத்து நடத்தியதால் ஊரில் இதற்குப் 'பெப்சி பாசி' என்றே பெயர் நிலைத்துவிட்டது.

பயிரிடும் முறை எளியது. 12 அடிக்கு 12 அடி மூங்கில் மிதவையில் கயிறுகளைக் கட்டி, ஏறக்குறைய 60 கிலோ பாசித் துணுக்குகளை முடிந்துவிட வேண்டும். 45 நாட்களில் அது 200 கிலோவுக்கு மேல் வளர்ந்துவிடும். அதில் 60 கிலோவை அடுத்த நடவுக்கு எடுத்துவைத்து, மீதியை உலர்த்தி விற்கலாம். உழவு இல்லை, உரம் இல்லை, பாசன நீரும் இல்லை. மகளிர் சுயஉதவிக் குழுக்கள் இதில் இறங்கின. 2012-13-ல் ஏறக்குறைய 1,500 டன் உலர்பாசி கிடைத்தது. அதன்பின் 2013-14-ல் பாசி கூட்டங்கூட்டமாக அழுகிச் செத்தது. கடல்நீர் சூடேறியதே உடனடிக் காரணம்.

இன்னொரு காரணத்தையும் கரும்பு பயிரிடுபவர் எளிதில் புரிந்துகொள்வர். கரும்பில் நட்ட பயிரிலிருந்தே மீண்டும் மீண்டும் கரணை எடுத்து நட்டால் வீரியம் குன்றும், நோய் சேரும். அதனால்தான் விதைக்கரும்புக்குத் தனி நாற்றங்கால் போடும்படி சொல்கிறோம். இங்கே வளர்ந்த பாசி முழுவதும் ஒரு சிறு கையிருப்பிலிருந்து வெட்டி வெட்டிப் பெருக்கப்பட்டது. ஒன்றைத் தாக்கும் சூடும் நோயும் எல்லாவற்றையும் ஒருசேரத் தாக்கும். புதிய விதை தர நாற்றங்கால் அப்போது இல்லை.

மற்றோர் எச்சரிக்கை பவளப்பாறைப் பக்கமிருந்து வந்தது. குருசடைத் தீவில் இப்பாசி மிதவையிலிருந்து பிரிந்து சென்று பவளப்பாறைகளின் மேல் போர்வைபோல் படர்ந்திருப்பதை 2008-ல் ஆராய்ச்சியாளர்கள் தெரிவித்தனர். வெயில் படாமல் மூடப்பட்ட பவளம் இறந்துவிடும். மீன் குஞ்சுகள் ஒதுங்கி வளரும் இடம் பவளப்பாறையே. ஆகவே ஒரு குடும்பத்தின் பாசி வருமானம் மற்றொரு குடும்பத்தின் மீன் வருமானத்தைக் குறைக்கும் நிலை ஏற்படலாம். பார்த்தீனியமும் சீமைக் கருவேலும் நம் நிலத்தில் செய்ததை எண்ணிப் பார்த்தால் இந்த அச்சம் விளங்கும். 2005-லேயே தமிழக அரசு இப்பாசியைப் பயிரிடும் இடங்களுக்கு வரம்பு விதித்து, தீவுகள் உள்ள வளைகுடாப் பகுதியைத் தவிர்த்திருந்தது. அந்த வரம்பு தேவையானதே என்பது 2008-ல் உறுதியாயிற்று.

எதிர்காலம் விதையைப் பொறுத்தது

2020-ல் தொடங்கிய மத்திய அரசின் மீன்வளத் திட்டம் 2025-க்குள் நாட்டில் 11 இலட்சம் டன்னுக்கு மேல் கடற்பாசி உற்பத்தி செய்ய இலக்கு வைத்தது. அந்த இலக்கின் அருகில்கூட நாடு செல்லவில்லை. 2023-ல் இராமநாதபுரம் மாவட்டத்தில் தொண்டிக்கு அருகே பல்நோக்குக் கடற்பாசிப் பூங்காவுக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. 2024-ல் மண்டபம் மண்டல நிலையம் கடற்பாசி வளர்ப்புக்கான சிறப்பு மையமாக அறிவிக்கப்பட்டது. மிதவை வாங்க மானியம் உண்டு, கடனும் உண்டு. பருவத்தில் நல்ல விதைப்பாசி கிடைக்காவிட்டால் இவையெல்லாம் வெறும் மூங்கிலாகவே கிடக்கும். எனவே நிலையத்தின் முன்னுள்ள வேலைகள் நான்கு எனலாம்.

முதலாவது, விதை. சூட்டைத் தாங்கும் பாசி வகைகளைத் தேர்ந்து, நோயற்ற நாற்றாகப் பெருக்கி, பருவமழைக்குப் பின் நடவு தொடங்கும்போது கொடுக்க வேண்டும். திசு வளர்ப்பு முறையில் நாற்று உருவாக்கும் பணியைக் கடல்சார் வேதிப்பொருள் நிறுவனத்தின் மண்டபம் கிளை செய்துவருகிறது. வாழையில் திசு வளர்ப்புக் கன்று என்ன மாற்றத்தைச் செய்ததோ அதைக் கடலிலும் எதிர்பார்க்கலாம்.

இரண்டாவது, நாட்டு இனங்கள். கஞ்சிப் பாசியும் மரிக்கொழுந்துப் பாசியும் நம் கடலுக்குச் சொந்தமானவை. விளைச்சல் குறைவு என்றாலும் பவளத்திற்குக் கேடு செய்யும் அந்நிய இனம் என்ற அச்சம் இவற்றில் இல்லை. நெல்லில் நாட்டு வகைகளைக் காப்பதைப் போல் இவற்றையும் காத்து மேம்படுத்த வேண்டும்.

மூன்றாவது, கலப்புப் பண்ணையம். கோபியா கூண்டைச் சுற்றிப் பாசி மிதவைகளைக் கட்டி மண்டபம் நிலையத்தார் சோதனை செய்தனர். தனியே கட்டிய மிதவையில் சராசரி 250 கிலோ கிடைத்தபோது, கூண்டருகே கட்டிய மிதவையில் 390 கிலோ கிடைத்தது. மீனின் கழிவிலுள்ள சத்தைப் பாசி எடுத்துக்கொள்கிறது, நீரும் தூய்மையாகிறது. மாட்டுத் தொழுவத்தை ஒட்டிய தோட்டம் செழிப்பதைப் போன்றதே இது.

நான்காவது, கணக்கு. எங்கே எவ்வளவு மிதவை, எந்தப் பாறையில் பாசி படர்ந்துள்ளது, நீரின் சூடு எந்த மாதத்தில் எவ்வளவு என்று விடாது எழுதிவர வேண்டும். 2010-லும் 2016-லும் கடல் சூடேறி மன்னார் வளைகுடாவின் பவளங்கள் வெளுத்தன. இனியும் அவ்வாறு நேரும். ஐம்பதுகளில் தொடங்கிய மீன் கணக்கைப் போலவே பவளத்திற்கும் பாசிக்கும் கணக்கு வேண்டும். விதை கொடுக்கும் ஆர்வத்தில் கணக்கை விட்டுவிட்டால், கேடு வந்தது வந்தபின்தான் தெரியும்.

உழவருக்கு என்ன பயன்?

பாசியைப் பிழிந்தெடுத்த சாறு இன்று பயிருக்குத் தெளிக்கும் திரவமாகக் கடைகளில் கிடைக்கிறது. இதில் சாம்பல் சத்தும், ஆக்சின், சைட்டோகைனின் போன்ற வளர்ச்சி ஊக்கிகளும் உள்ளன. இதைப் பயன்படுத்துவோர் கீழ்க்கண்டவற்றைக் கவனிக்க வேண்டும்.

1. இது உரத்திற்கு மாற்று அன்று. மண் ஆய்வின்படி இடவேண்டிய தழை, மணி, சாம்பல் சத்துக்களை இட்டபின், துணையாகவே இதைத் தெளிக்க வேண்டும்.

2. இவ்வகை ஊக்கிகள் 2021 முதல் உரக் கட்டுப்பாட்டு ஆணையின்கீழ் கொண்டுவரப்பட்டுள்ளன. புட்டியில் உற்பத்தியாளர் பெயர், அடங்கியுள்ள பொருள், அளவு ஆகியவை அச்சிடப்பட்டுள்ளனவா என்று பார்த்து, இரசீதுடன் வாங்கவும்.

3. புட்டியில் குறித்த அளவுக்கு மேல் கலக்க வேண்டாம். காலையிலோ மாலையிலோ இலை நன்கு நனையும்படி தெளிக்கவும். நண்பகல் வெயிலிலும் மழை வரும் நேரத்திலும் தெளித்தல் கூடாது.

4. கரையில் ஒதுங்கும் பாசியைத் தென்னந்தோப்புக்கு இடும் வழக்கம் கடலோரத்தில் உண்டு. அதை மழையில் நன்கு நனையவிட்டு உப்பு நீங்கியபின் மக்கவைத்து இடுவதே நல்லது. உவர் நிலத்தில் இட வேண்டாம்.

5. முதல்முறை தெளிப்போர் வயலில் ஐந்து சென்ட் அளவைத் தெளிக்காமல் விட்டு, அறுவடையின்போது இரண்டையும் தனித்தனியே எடை போட்டுப் பார்க்கவும். செலவுக்கு ஏற்ற மகசூல் கூடினால் தொடரலாம், இல்லையேல் விட்டுவிடலாம்.

கடலோர மாவட்டங்களில் ஒரே குடும்பத்தில் அண்ணன் நிலத்திலும் தம்பி கடலிலும் இருப்பதைக் காண்கிறோம். அத்தகைய குடும்பங்களும் மகளிர் குழுக்களும் மிதவை, கூண்டு ஆகியவற்றில் பணம் போடுமுன் மண்டபம் நிலையத்தையும் மாவட்ட மீன்வளத் துறையையும் அணுகி, தங்கள் பகுதியில் பாசி வளர்க்க அனுமதி உண்டா, விதைப்பாசி எந்த மாதத்தில் எவ்வளவு கிடைக்கும் என்று கேட்டறிய வேண்டும். விதை உறுதியான பிறகு மூங்கில் வாங்கினால் போதும்.